மருந்தை வெல்லும் நுண்ணுயிர்

சுங்குவார்சத்திரத்தைச் சூழ்ந்த தொழிற்சாலைகளில் பணிபுரியும் மகளிர் பலர். நீர் பருகாமலும் சிறுநீரை நெடுநேரம் அடக்கியும் இருப்போர்க்குச் சிறுநீர்ப்பாதை நோய் எளிதில் வரும். குடலில் தீங்கின்றி வாழும் எசரிக்கியா கோலை என்னும் நுண்ணுயிரே இடம்மாறிச் சிறுநீர்ப்பையை அடைந்து, பெரும்பாலும் இந்நோயை விளைக்கிறது.

இதனை ஒழிக்கும் மருந்துகள் உள. ஆயின் அவற்றின் ஆற்றல் குன்றி வருகிறது. காரணம் யாது? தக்க சூழலில் இந்நுண்ணுயிர் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அங்ஙனம் பெருகுங்கால் சிலவற்றின் மரபணு தற்செயலாகத் திரிந்து, மருந்தைத் தாங்கும் வன்மை பெறும். மருந்தே அவ்வன்மையை ஊட்டுகிறது என்பர் சிலர், அது பொருந்தாது. மருந்து மெலியவற்றைக் கொல்லும். வலியவை எஞ்சிப் பெருகும். அம்மட்டோ! அண்டை வீட்டார்க்குத் திறவுகோல் தருவதுபோல, வன்மை தரும் மரபணுவை வேற்றின நுண்ணுயிர்க்கும் அவை வழங்கும்.

புதுதில்லியில் மருத்துவம் பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரது சிறுநீரில், கார்பபெனம் என்னும் உயரிய மருந்தையும் சிதைக்கும் நொதியுடைய கிளெப்சியல்லா நுண்ணுயிர் 2008-இல் காணப்பட்டது. அந்நொதிக்குப் புதுதில்லியின் பெயரை இட்டனர். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதலியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் மட்டும் அத்தகைய நுண்ணுயிர் மாதிரிகள் 44 இருந்தன. பெயர் குறித்துப் பூசல் எழுந்தது. பெயரினும் பொருளே கருதத்தக்கது. 2014 மார்ச் முதல், இத்தகைய மருந்துகள் பலவற்றின் விற்பனையைக் கடைக்காரர் தனி ஏட்டில் பதிதல் வேண்டும் என்பது சட்டம்.

சிறுநீரிலுள்ள நுண்ணுயிரை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, மருந்து தோய்ந்த வில்லைகளை அதன்மேல் வைப்பர். எவ்வில்லையைச் சுற்றி வளர்ச்சி போதிய அளவு அற்றுப்போகிறதோ, அம்மருந்து பயன்படும். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். மருத்துவரைக் காணாது கடையில் கேட்டு விழுங்கும் மாத்திரையோ, குடல்வாழ் நுண்ணுயிர்களிடையேயும் வலியவற்றை எஞ்சச் செய்யும். அடுத்த முறை நோய் அவற்றிலிருந்தே எழலாம்.