வீட்டு சர்வரின் ஐந்தாண்டுக் கணக்கு: முதலில் பேக்கப், பிறகு மிரர்

குடும்பப் படங்கள், வீடியோக்கள், பாட்டு, சினிமா எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்ள வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டி ஐந்தாண்டு ஓட்டினால், இந்தக் கட்டுரையின் கணக்குப்படி 96,600 ரூபாய் ஆகும். அதில் 52,000 ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் போகிறது. ப்ராசஸரோடு கூடிய மதர்போர்டுக்கு 13,000. மின்கட்டணம் 10,600. பாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நம் கவனமும் இதே விகிதத்தில் பிரியவேண்டும். எதை எந்த வரிசையில் வாங்குவது என்பது, ப்ராசஸரின் பெயரைவிடப் பல மடங்கு முக்கியம்.

இங்கே வரும் கடை விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்ட முழு எண்கள். ஹார்ட் டிஸ்க் ஒரு டிபிக்கு 2,500 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். கடைவிலை மாதத்துக்கு மாதம் மாறும். வாங்கும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

வைக்கப்போவது எவ்வளவு?

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு இப்படி இருக்கலாம்:

- போட்டோ 40,000. ஒன்று 4 எம்பி வீதம்: 160 ஜிபி
- போன் வீடியோ: 4கே தரத்தில் ஒரு நிமிடம் 170 எம்பி. வாரம் 20 நிமிடம் எடுத்தால் ஆண்டுக்கு 177 ஜிபி. 5 ஆண்டுக்கு 884 ஜிபி
- பத்திரங்கள், சான்றிதழ்கள், ஸ்கேன் செய்த பழைய ஆல்பங்கள்: 50 ஜிபி
- ஆடியோ சிடி 500: ஒரு மணி நேர சிடி ஒன்றில் 635 எம்பி, தரம் குறையாத ஃபிளாக் முறையில் சுருக்கினால் ஏறக்குறைய 380 எம்பி: 190 ஜிபி
- டிவிடி 150. ஒன்று 6 ஜிபி வீதம்: 900 ஜிபி
- புளூரே 60. ஒன்று 35 ஜிபி வீதம்: 2,100 ஜிபி

மொத்தம் 4,284 ஜிபி. இதில் முதல் மூன்று வரிகளைத் தனியே கூட்டினால் 1,094 ஜிபி. மொத்தத்தில் கால் பங்கு. குழந்தையின் முதல் நடையும் பாட்டியின் குரலும் இந்தக் கால் பங்குக்குள்தான் இருக்கின்றன. தொலைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காதவை. மீதி முக்கால் பங்கு, அலமாரியில் இருக்கும் சிடி, டிவிடி, புளூரேக்களிலிருந்து மறுபடியும் எடுத்துக்கொள்ளக்கூடியது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதால்தான் முதல் சர்வர் கட்டுபவர்களின் பணம் தவறான இடத்துக்குப் போகிறது.

டிஸ்க்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருப்பது நல்லது. 4,284 ஜிபிக்கு 5,355 ஜிபி வேண்டும். 6 டிபி டிஸ்க் போதும். ஆனால் அதில் இன்னும் 15 புளூரேவுக்குத்தான் இடம் மிஞ்சும். 8 டிபி எடுத்தால் 60 புளூரே வரை வளரலாம். கூடுதல் செலவு டிஸ்க்குக்கு 5,000 ரூபாய். இந்தக் கணக்கில் 8 டிபி எடுத்துக்கொள்கிறேன். பல மென்பொருள்கள் அதை 7.28 என்று காட்டும். தயாரிப்பாளர் ஒரு டிபியை 1 லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார். மென்பொருள் 1,024இன் மடங்குகளில் எண்ணுகிறது. இடம் எதுவும் காணாமல் போகவில்லை.

வாங்கும்போது, தடங்கள் தனித்தனியே இருக்கும் சிஎம்ஆர் வகையா, எஸ்எம்ஆர் வகையா என்று பார்க்கவேண்டும். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு தடத்தை மாற்ற அருகிலுள்ளவற்றையும் திரும்ப எழுதவேண்டும். பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதிய டிஸ்க்கில் எல்லாவற்றையும் நிரப்பும்போது, மணிக்கணக்கில் முடியும் வேலை இதில் நாட்கணக்கில் இழுக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று 2020 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. அதன் பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. வரிசையின் பெயரை நம்பாமல் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

எத்தனை டிஸ்க்?

8 டிபி பயன்பாட்டு இடத்துக்கு மூன்று வழிகள் உண்டு. 8 டிபி இரண்டை, இரண்டிலும் ஒரே பிரதி இருக்கும்படி மிரராக வைக்கலாம்: வாங்குவது 16 டிபி, 40,000 ரூபாய். 4 டிபி மூன்றை, ஒன்று பழுதானாலும் தாங்கும் ரெய்டு 5 ஆக்கலாம்: 12 டிபி, 30,000 ரூபாய். 4 டிபி நான்கை, இரண்டு பழுதானாலும் தாங்கும் ரெய்டு 6 ஆக்கலாம்: 16 டிபி, 40,000 ரூபாய்.

பார்த்தவுடன் ரெய்டு 5 மலிவாகத் தெரியும். ஆனால் சிறிய டிஸ்க்குகளில் ஒரு டிபியின் விலை பெரும்பாலும் அதிகம். 10,000 ரூபாய் மிச்சம் முழுதாகக் கிடைக்காது. பழுதாகும் வாய்ப்பும் எண்ணிக்கையோடு கூடுகிறது. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை இயக்கும் பேக்பிளேஸ் நிறுவனம் 2024க்கு வெளியிட்ட ஆண்டுப் பழுது வீதம் 1.57 சதவீதம். அதை வைத்து, ஐந்தாண்டுக்குள் ஒரு டிஸ்க்காவது பழுதாகும் வாய்ப்பைப் பார்த்தால்:

- 1 டிஸ்க்: 7.6 சதவீதம்
- 2 டிஸ்க்: 14.6 சதவீதம்
- 3 டிஸ்க்: 21.1 சதவீதம்
- 4 டிஸ்க்: 27.1 சதவீதம்

பேக்பிளேஸின் டிஸ்க்குகள் குளிரூட்டிய கூடத்தில் ஓடுபவை. நம் ஊர் மே மாத அறையில் வீதம் இதைவிடக் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. முதல் சர்வருக்கு இரண்டு பெரிய டிஸ்க் மிரர் போதும். மிரரின் எந்தப் பாதியைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினாலும் முழுச் சேமிப்பும் அதிலேயே இருக்கும்.

மிரர் எதைக் காக்கிறது?

மிரரின் இரண்டாம் டிஸ்க் 20,000 ரூபாய். அதை முதல் நாளே வாங்கவேண்டுமா? மீட்கக்கூடிய முக்கால் பங்கை மறுபடி ஏற்றும் உழைப்பைக் கணக்கிடுவோம். டிவிடிக்கு 25 நிமிடம், புளூரேவுக்கு 45 நிமிடம், சிடிக்கு 6 நிமிடம் என்றால் 62.5, 45, 50 மணி, மொத்தம் 157.5 மணி. ஒரே டிஸ்க் ஐந்தாண்டில் பழுதாகும் வாய்ப்பு 7.6 சதவீதம். எனவே சராசரியாகப் பார்த்தால் மிச்சமாவது 12 மணி நேர உழைப்பு. ஒரு மணிக்கு ஏறக்குறைய 1,670 ரூபாய் கொடுக்கிறோம்.

மீட்க முடியாத கால் பங்குக்கு மிரர் அரைகுறைக் காவல்தான். தவறி அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழிகிறது. திருட்டு, மின்னல், வெள்ளம் மூன்றும் பெட்டியோடு கொண்டுபோகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகளில் நீர் புகுந்தபோது, ஒரே அறையில் இருந்த பிரதிகள் எத்தனை இருந்தாலும் ஒன்றுதான்.

அதே பணத்தில் 12,000 ரூபாய்க்கு 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வாங்கலாம். 1,094 ஜிபி அதில் தாராளமாக அடங்கும். ஒன்று வீட்டு அலமாரியில், இன்னொன்று வேறு தெருவில் இருக்கும் அக்கா வீட்டில். சர்வரோடு சேர்த்து மூன்று பிரதி. ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் மூன்றும் ஒரே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு 10 லட்சத்தில் 4. இரண்டு டிஸ்க்கையும் மாதம் ஒருமுறை மாற்றி மாற்றிப் புதுப்பித்தால், எந்த நேரத்திலும் ஒரு பிரதி வெளி வீட்டில் இருக்கும்.

ஆகவே வரிசை இதுதான்: முதல் நாள் 8 டிபி ஒன்று, எக்ஸ்டர்னல் இரண்டு. அடுத்த ஆண்டு போனஸ் வரும்போது மிரரின் இரண்டாம் டிஸ்க். இசட்எஃப்எஸ் கோப்பு முறையில், ஓடிக்கொண்டிருக்கும் ஒற்றை டிஸ்க்கோடு இன்னொன்றைப் பிறகு இணைத்து மிரராக்க முடியும்; ஏற்றியதை இறக்கவேண்டாம். அந்த நாளிலிருந்து இன்னொரு பலனும் உண்டு. ஒற்றை டிஸ்க்கில் கெட்டுப்போன கோப்பை இசட்எஃப்எஸ் கண்டுபிடித்துச் சொல்லும். மிரரில் நல்ல பிரதியிலிருந்து தானே சரிசெய்துவிடும்.

ஒரு வாட்டின் விலை

சர்வர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஓடும். ஒரு வாட் தொடர்ந்து ஓடினால் ஆண்டுக்கு 8.76 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம்; அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட விலையும் கூடுகிறது. வீட்டில் ஏற்கனவே ஓடும் ஃபிரிட்ஜ், ஏசியின் மேல் சர்வர் ஏறுவதால் அதன் யூனிட் எப்போதும் மேல்படி விலையிலேயே விழும். 2024 ஜூலைக் கட்டணத்தில் 601 முதல் 800 வரையான யூனிட் 9.65 ரூபாய். அப்படியானால் ஒரு வாட் ஐந்தாண்டுக்கு 423 ரூபாய். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி முடிவுகள் தானே வந்துவிடும்.

சும்மா சுழலும் டிஸ்க் ஒன்று 4 வாட்: 1,690 ரூபாய். 25 வாட்டில் ஓடும் சிறிய சர்வர்: 10,567. 75 வாட் இழுக்கும் பழைய மேஜைக் கணினி: 31,700.

"வீட்டில் பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறது, அதையே போட்டால் என்ன?" என்பதற்கும் இதுவே பதில் தரும். பழையதைப் பயன்படுத்தினால் போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கேபினட் செலவு 29,000 மிச்சம். அது 75 வாட் இழுத்தால் மின்சாரத்தில் 21,133 திரும்பப் போகிறது. கையில் நிற்பது 7,867. அதுவே 35 வாட்தான் என்றால் 24,773 நிற்கும். ஒரு வாட் மீட்டர் வாங்கி, சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று ஒருநாள் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ப்ராசஸர், போர்டு, ரேம்

டிவி நேரடியாகப் புரிந்துகொள்ளும் கோப்பை அனுப்புவதற்கு ப்ராசஸருக்கு வேலையே இல்லை. போனுக்கோ பழைய டிவிக்கோ படத்தை உடனுக்குடன் வேறு வடிவத்துக்கு மாற்றும் டிரான்ஸ்கோடிங்தான் சுமை. அதை உள்ளிருக்கும் கிராபிக்ஸ் பகுதி செய்தால் சில வாட்டில் முடிகிறது. இன்டெலில், 10 பிட் எச்இவிசி என்ற முறையில் சுருக்கிய படங்களை வன்பொருளாலேயே முழுதாகக் கையாளும் திறன் ஏழாம் தலைமுறையிலிருந்து உண்டு. பழைய கணினியைத் தேர்ந்தால் இதுவே எல்லைக்கோடு. பெயரின் முடிவில் எஃப் எழுத்து உள்ள இன்டெல் ப்ராசஸர்களில் கிராபிக்ஸ் கிடையாது. இந்த வேலைக்கு வேண்டாம்.

2023இல் வந்த இன்டெல் என்100 நான்கு கோர், 6 வாட் வகை. டிஸ்க் மாட்டுவதற்கான அதன் சொந்த சாட்டா இணைப்பு இரண்டுதான். நம் மிரருக்குச் சரியாக இருக்கிறது. நான்கு டிஸ்க் நிச்சயம் என்பவர் ஐ3-12100, எச்610 போர்டு பக்கம் போகலாம். அதில் நான்கு சாட்டா உண்டு.

சேமிப்பு சர்வருக்கென்றே உள்ள ட்ரூநாஸ் இயங்குதளம் குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கிறது. என்100க்கு இன்டெல் சொல்லும் உச்சவரம்பு 16 ஜிபி, அதுவே போதும். மென்பொருளிலும் செலவு வித்தியாசம் உண்டு. படங்களை டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் மென்பொருள்களில் ஜெல்லிஃபின் முழுதும் இலவசம். பிளெக்ஸில் வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்குக் கட்டணச் சந்தா வேண்டும். அதன் ஆயுள் சந்தா 2025 ஏப்ரலில் 119.99 டாலரிலிருந்து 249.99 டாலருக்கு ஏறியது. அந்தப் பணம் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும்.

பவர் சப்ளை, யூபிஎஸ், கேபிள்

ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் ஏறக்குறைய 24 வாட் இழுக்கும். இரண்டுக்கு 48, மற்றதோடு 90 வாட்டைத் தாண்டாது. 300 வாட் பவர் சப்ளை போதும். 650 வாட் வாங்கினால் 25 வாட் சுமை அதில் 4 சதவீதம்கூட இல்லை. 80 பிளஸ் பிரான்ஸ் சான்று 20, 50, 100 சதவீதச் சுமையில் மட்டுமே அளந்து தரப்படுவது. 4 சதவீதத்தில் அந்த முத்திரை எதற்கும் உறுதி தராது.

மின்சாரம் போனதும் கணினி பவர் சப்ளை முழுச் சுமையில் தாங்குவது ஏறக்குறைய 16 மில்லிவினாடி. நம் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லிவினாடி. வீட்டு இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியில் சர்வர் அணைந்து எழும் வாய்ப்பு இருப்பதால் 600 விஏ யூபிஎஸ் அவசியம்.

கிகாபிட் கேபிளில் நடைமுறை வேகம் வினாடிக்கு 110 எம்பி. மொத்தம் 4,284 ஜிபியும் ஏற 10.8 மணி ஆகும். 100 எம்பிட் இணைப்பில் அதுவே நான்கு நாட்களுக்கு மேல். 2.5 கிகாபிட் கேட்டு அதிகப் பணம் கொடுத்தாலும், டிஸ்க் எழுதும் வேகமே வரம்பாகிவிடுவதால், முதல் ஏற்றத்தில் ஒரே ஒருமுறை ஏறக்குறைய 4 மணிதான் மிச்சம், தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: 4கே புளூரே படம் வினாடிக்கு 128 எம்பிட் வரை எழலாம். பல டிவிகளின் கேபிள் துளை இன்றும் 100 எம்பிட்தான். படம் நின்று நின்று ஓடினால் சர்வரைக் குறை சொல்லுமுன் அந்தத் துளையைப் பாருங்கள்.

மொத்தக் கணக்கு

- 8 டிபி ஹார்ட் டிஸ்க் 1: 20,000
- 2 டிபி எக்ஸ்டர்னல் 2: 12,000
- என்100 போர்டு: 13,000
- 16 ஜிபி ரேம்: 7,000
- 256 ஜிபி எஸ்எஸ்டி: 3,000
- கேபினட், 300 வாட் பவர் சப்ளை: 6,000
- யூபிஎஸ்: 4,000
- கேபிள்: 1,000
- முதல் நாள் செலவு: 66,000
- மிரரின் இரண்டாம் 8 டிபி, அடுத்த ஆண்டு: 20,000
- மின்சாரம், 25 வாட், 5 ஆண்டு: 10,600
- மொத்தம்: 96,600, மாதம் 1,610 ரூபாய்

இந்தப் பட்டியலில் கை வைக்கவேண்டி வந்தால், முதலில் மிரரைத் தள்ளிப்போடுங்கள். அடுத்து, அளந்து பார்த்த பழைய கணினியால் 29,000ஐக் குறையுங்கள். அதற்கும் பணம் இல்லையென்றால் சர்வரையே தள்ளிப்போடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளுக்கான 12,000 ரூபாயை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சர்வர் இல்லாமல் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் இருந்தாலும் கால் பங்கு பிழைக்கும். அவை இல்லாமல் எவ்வளவு பெரிய சர்வர் இருந்தாலும் ஒரே பிரதிதான் இருக்கிறது.