இரண்டு மடங்கு நீளம், நான்கு மடங்கு தாமதம்

98 சொற்கள் கொண்ட ஒரு செய்தியை அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? இன்று கைப்பேசியில் ஓரிரு வினாடிகள் போதும். 1858 ஆகஸ்டு 16-இல் பிரிட்டனின் விக்டோரியா அரசியார், அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் புக்கானனுக்கு அப்படியொரு வாழ்த்துச் செய்தியை அனுப்பினார். அட்லாண்டிக் கடலடியில் புதிதாகப் போடப்பட்ட தந்திக் கம்பிவடம் வழியாக அது முழுமையாகப் போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. வகுத்துப் பாருங்கள். ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய 10 நிமிடம்!

நிலத்தில் கம்பங்களின் மேல் ஓடிய தந்திக் கம்பிகள் அப்போதே வேகமாக வேலை செய்தன. கடலடிக் கம்பிவடம் மட்டும் ஏன் திணறியது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய இருவருக்கு இடையே, கம்பிவடம் போடப்படும் முன்பே பெரும் வாக்குவாதம் நடந்தது.

கம்பிவடத்துக்குள் என்ன நடக்கிறது?

அந்தக் கம்பிவடத்தின் நடுவில் செம்புக் கம்பி இருந்தது. அதைச் சுற்றி மின்காப்பாக 'கட்டாபெர்ச்சா' என்னும் மரப்பால் பிசின். இது நம் வட்டாரத்துப் பொருள். மலாயாக் காடுகளில் வளர்ந்த 'தாபான்' மரத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1843-இல் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி இதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். உப்பு நீரில் கெடாது, மின்சாரத்தைக் கசிய விடாது என்பதால், பிற்காலத்தில் நெகிழி வரும்வரை கடலடிக் கம்பிவடங்களுக்கு இதுவே காப்பாக இருந்தது.

இப்போது கவனியுங்கள். உள்ளே செம்பு, அது மின்கடத்தி. வெளியே கடல்நீர், அதுவும் மின்கடத்தி. இரண்டுக்கும் நடுவே மின்காப்பு. இந்த அமைப்பை நீங்கள் இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதுதான் மின்தேக்கி! கடலடிக் கம்பிவடம் முழுவதுமே 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஒரு மின்தேக்கி.

மென்மையான இரப்பர் குழாயை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு முனையில் குழாயைத் திறந்தால், நீர் முதலில் குழாயை உப்ப வைக்கும். பிறகுதான் மறுமுனையில் மெல்ல மெல்ல வரும். கம்பிவடத்திலும் அப்படித்தான். இங்கே 'டக்' என்று அனுப்பிய சமிக்ஞை, அங்கே மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். வேகமாக அனுப்பினால் ஒரு சமிக்ஞை தணிவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் ஏறிக்கொள்ளும். எது புள்ளி, எது கோடு என்று பிரித்தறிய முடியாது.

இருவர், இரு பதில்கள்

கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன் இதற்குக் கணக்குப் போட்டார். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அழைக்கப்பட்டவர் இவர்தான். வெப்பநிலை அலகான கெல்வின் இவர் பெயரைக் கொண்டது. வெப்பம் ஓர் உலோகத் தண்டில் பரவுவதற்கு ஃபூரியே எழுதிய சமன்பாட்டையே கம்பிவடத்துக்கும் பொருத்தினார்.

அவர் கண்ட முடிவு இது. கம்பிவடத்தின் நீளம் இரு மடங்கானால் மின்தடை இரு மடங்காகும். அது தேக்கும் மின்னூட்டமும் இரு மடங்காகும். தாமதம் இவ்விரண்டின் பெருக்கலைப் பொறுத்தது. ஆகவே 2 × 2 = 4 மடங்கு தாமதம். நீளம் பத்து மடங்கானால் நூறு மடங்கு!

அட்லாண்டிக் தந்தி நிறுவனத்தின் மின்னியல் பொறுப்பாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. மருத்துவம் படித்து, மின்சாரச் சோதனைகளில் இறங்கியவர் அவர். நீண்ட கம்பிவடங்களில் தாமே அளந்து பார்த்து, அந்த 'வர்க்க விதி' உண்மையல்ல என்று 1856-இல் அறிவியல் மாநாட்டில் வாதிட்டார். அந்தச் சோதனைகள் தம் சமன்பாட்டைப் பொய்யாக்கவில்லை என்று தாம்சன் பதிலளித்தார்.

இது வெறும் பேச்சுப் போட்டியல்ல. தாம்சன் சரியென்றால் தடித்த செம்புக் கம்பியும் தடித்த காப்பும் தேவை, செலவு கூடும். வைட்ஹவுஸ் சரியென்றால் மெல்லிய கம்பியே போதும். நிறுவனம் மெல்லிய கம்பியைத் தேர்ந்தெடுத்தது.

கடலில் நடந்த சோதனை

கம்பிவடம் வேலை செய்யத் தொடங்கியதும் சமிக்ஞை மிகப் பலவீனமாக வந்தது. வைட்ஹவுஸ், பெரிய தூண்டு சுருள்களைக் கொண்டு ஏறத்தாழ 2,000 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தினார். தாம்சனின் வழி நேர்மாறானது. குறைந்த மின்னழுத்தமே போதும். பெறும் கருவிதான் நுட்பமாக இருக்க வேண்டும் என்றார். ஒரு சிறு கண்ணாடியின் பின்னால் குட்டிக் காந்தத்தை ஒட்டி, நூலில் தொங்கவிட்டார். மிகச் சிறு மின்னோட்டம் வந்தாலும் கண்ணாடி திரும்பும். அதில் பட்டுத் தெறிக்கும் ஒளிப்புள்ளி நகரும்.

செப்டம்பர் தொடக்கத்திலேயே கம்பிவடம் பயன்படாமல் போனது. பழி வைட்ஹவுஸ் மேல் விழுந்தது. அவர் வேலையை இழந்தார். ஆனால் குற்றம் அவருடையது மட்டுமல்ல. கம்பிவடம் அவசரமாகச் செய்யப்பட்டது. வெயிலில் கிடந்து காப்பு இளகியதால், சில இடங்களில் செம்புக் கம்பி நடுவிலிருந்து விலகியிருந்தது. ஏற்கெனவே பலவீனமான காப்பை உயர் மின்னழுத்தம் மேலும் கெடுத்தது.

1866-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் புதிய கம்பிவடத்தைப் போட்டது. அதில் செம்பின் எடை பழையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நிமிடத்துக்கு சுமார் எட்டுச் சொற்கள் சென்றன. ஐந்தாண்டுகள் கழித்து, 1871-இல், சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடித் தந்தி வந்து சேர்ந்தது.

வென்ற கணக்கிலும் ஒரு குறை

அப்படியானால் தாம்சன் சொன்னதுதான் முழு உண்மையா? அதுவும் இல்லை. மின்னோட்டம் மாறும்போது அதைச் சுற்றியுள்ள காந்தப் புலமும் மாறும். அது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும். இந்தத் 'தன்தூண்டலை' தாம்சன் கணக்கில் சேர்க்கவில்லை. மெதுவான தந்திக்கு அது பெரிய குறையில்லை. தொலைபேசி வந்தபோது குறை தெரிந்தது.

பதினாறு வயதில் பள்ளியை விட்டு, தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த ஆலிவர் ஹெவிசைட் அதைச் சேர்த்துக் கணக்கிட்டார். தன்தூண்டலைக் கூட்டினால் குரல் சிதையாமல் செல்லும் என்று 1887-இல் சொன்னார். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் மின்னியல் தலைவர் வில்லியம் பிரீஸ் அதை ஏற்க மறுத்தார். 1900-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கப் பொறியாளர்கள் கம்பிகளில் இடையிடையே சுருள்களைப் பொருத்தியபோது ஹெவிசைட் சொன்னது பலித்தது.

'செய்து பார்த்தவன் சொல்வதா, கணக்குப் போட்டவன் சொல்வதா, எது சரி?' என்று சிலர் கேட்பார்கள். வைட்ஹவுஸ் சோதனை செய்தார். ஆனால் தாம் அளந்தது எதைக் காட்டுகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. தாம்சன் கணக்குப் போட்டார். அதோடு நிற்காமல் கப்பலேறிக் கடலுக்கும் போனார். அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் உங்கள் அளவீடு சூத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டால், இரண்டில் ஒன்றை உடனே தூக்கி எறியாதீர்கள். 'நான் அளந்தது என்ன? சூத்திரம் எதை விட்டுவிட்டது?' என்று இரண்டு பக்கமும் கேளுங்கள்.