இணைய இணைப்புப் பகிர்வு

இணைய இணைப்புப் பகிர்வு என்பது ஓர் அலுவலகத்திலோ வீட்டிலோ உள்ள பல கணினிகள் ஒரே இணைய இணைப்பின் ஊடாக இணையத்தை அணுகும் முறையாகும். இணையச் சேவை வழங்குனர் அளிக்கும் ஒரேயொரு பொது ஐபி முகவரியை எல்லாக் கணினிகளும் பயன்படுத்துகின்றன. இதற்குப் பெரிதும் பயன்படும் நுட்பம் வலையமைப்பு முகவரி மாற்றம் ஆகும். இது சுருக்கமாக நாட் எனப்படுகின்றது.

பின்னணி

ஐபி பதிப்பு 4 இல் முகவரியொன்றின் நீளம் 32 பிட்டுகள். ஆகவே கிடைக்கக்கூடிய முகவரிகள் 4,294,967,296 மட்டுமே. இவை போதமாட்டா என்பது 1990களின் தொடக்கத்திலேயே உணரப்பட்டது. 1994 மே மாதத்தில் வெளியான ஆர்எஃப்சி 1631 என்னும் ஆவணம், நாட் முறையைக் குறுகியகாலத் தீர்வாக முன்வைத்தது. 1996 பெப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918, உள் வலையமைப்புகள் அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடிய தனியார் முகவரிகளை வரையறுத்தது. அவையாவன:

* 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை
* 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை
* 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை

இம்முகவரிகள் பொது இணையத்தில் செல்லுபடியாகா. எனவே ஒரே முகவரி உலகெங்கும் உள்ள பல அலுவலகங்களில் பயன்படலாம்.

செயற்படும் முறை

ஓர் அலுவலகத்தில் 20 கணினிகள் ஒரு சுவிட்சின் வழியாக ரவுட்டருடன் இணைக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். ரவுட்டரின் பொது முகவரி 203.0.113.5 என்க. 192.168.1.10, 192.168.1.11 ஆகிய முகவரிகளையுடைய இரு கணினிகள் ஒரே இணையத்தளத்தை ஒரே நேரத்தில் திறக்கின்றன. இரண்டும் தற்செயலாக 50000 என்னும் போர்ட் எண்ணையே பயன்படுத்துகின்றன.

ரவுட்டர் ஒவ்வொரு தரவுப் பொதியிலும் உள்ள அனுப்புனர் முகவரியை நீக்கித் தனது பொது முகவரியை இடுகின்றது. போர்ட் எண்ணையும் முதற் கணினிக்கு 40001 எனவும் இரண்டாவதற்கு 40002 எனவும் மாற்றி, இதனைத் தன் நினைவகத்திலுள்ள அட்டவணையில் குறித்துக்கொள்கின்றது. 40002 ஆம் போர்ட்டுக்குப் பதில் வந்தால், அட்டவணையைப் பார்த்து அதனை 192.168.1.11 இற்கு அனுப்புகின்றது. போர்ட் எண் 16 பிட்டுகள் கொண்டதாகையால் 65,536 எண்கள் உள்ளன. ஒரு முகவரி பல கணினிகளுக்குப் போதுமானதாவது இதனாலேயே.

நடைமுறைப்படுத்தும் வழிகள்

* ரவுட்டர்: இன்று பெரும்பாலும் பயன்படுவது இதுவே.
* கணினி: இரு வலையமைப்பு இணைப்புகள் உள்ள கணினியொன்றை ரவுட்டராகப் பயன்படுத்தலாம். 1999 இல் வெளியான விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இவ்வசதி சேர்க்கப்பட்டது. அக்கணினியை நிறுத்தினால் ஏனைய கணினிகளும் இணைப்பை இழக்கும்.
* பதிலாள் வழங்கி: ஸ்குவிட் போன்ற மென்பொருட்கள், பயனர் கேட்கும் பக்கத்தைத் தாமே பெற்று வழங்குகின்றன. பக்கங்களைச் சேமித்து வைப்பதால் ஒரே பக்கத்தை மீண்டும் தரவிறக்கத் தேவையில்லை. இன்று பெரும்பாலான தளங்கள் மறைகுறியாக்கம் செய்யப்பட்டுள்ளதால் இப்பயன் குறைந்துவிட்டது.

குறைபாடுகள்

இணைப்பின் வேகம் பகிரப்படுகின்றது. விநாடிக்கு 10 மெகாபிட் வேக இணைப்பில் 20 கணினிகள் ஒரே நேரத்தில் தரவிறக்கினால், சமமாகப் பிரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 0.5 மெகாபிட் மட்டுமே கிடைக்கும்.

வெளியிலிருந்து தொடங்கப்படும் இணைப்புக்கு அட்டவணையில் பதிவு இராது. ஆகவே உள்ளேயுள்ள வழங்கியை அணுகுவதற்கு, குறிப்பிட்ட போர்ட்டை அதற்கென முன்கூட்டியே ஒதுக்கவேண்டும். இத்தடையைப் பலர் முழுமையான பாதுகாப்பு எனக் கருதுவதுண்டு, இது தவறானதாகும். உள்ளேயுள்ள ஒருவர் தீநிரலைத் திறந்தால், அது வெளியே ஏற்படுத்தும் இணைப்புகளை நாட் தடுப்பதில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அலுவலகம் முழுவதும் ஒரே கணினியாகவே தோன்றும். ஒரு கணினி நச்சுநிரலால் பாதிக்கப்பட்டு எரிதங்களை அனுப்பினால், பொது முகவரியே தடைப்பட்டியலில் சேர்க்கப்படலாம். அப்போது குற்றமற்ற ஏனையோரின் மின்னஞ்சல்களும் மறுக்கப்படும். எக்கணினி காரணம் என்பதை முகவரியை மட்டும் கொண்டு அறியவியலாது. அனுப்பிய போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் தேவை. இணைய வழங்கிகள் இவற்றையும் பதிவுசெய்யவேண்டும் என 2011 சூனில் வெளியான ஆர்எஃப்சி 6302 பரிந்துரைத்தது. அலுவலகத்தின் ரவுட்டரிலும் இத்தகைய பதிவுகள் இருந்தாலே கணினியைக் கண்டறியலாம்.

ஐபி பதிப்பு 6

பதிப்பு 4 முகவரிகளின் இறுதித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3 இல் வட்டாரப் பதிவகங்களுக்கு வழங்கப்பட்டன. இதன் பின்னர் பல சேவை வழங்குனர்கள் தாமே நாட் முறையைக் கையாண்டு, ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்கின்றனர். 2012 ஏப்ரலில் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையான முகவரிகள் இதற்கென ஒதுக்கப்பட்டன. இவ்வாறான இணைப்பில், ஓர் அலுவலகத்தின் செயலால் அதனோடு தொடர்பேயில்லாத வேறு வாடிக்கையாளரும் தடைக்குள்ளாகலாம்.

பதிப்பு 6 இல் முகவரியின் நீளம் 128 பிட்டுகள். இங்கு ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பொது முகவரி வழங்கலாம். இணைப்பைப் பகிரும் தேவை தொடர்ந்தாலும், முகவரியைப் பகிரும் தேவை இல்லை. ஆயினும் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைக் கட்டுப்படுத்தத் தீச்சுவர் அவசியமாகும்.