அடுத்த ஆகஸ்ட்டுக்கான வீடு, இந்த அக்டோபரிலேயே! அமெரிக்கப் பல்கலைக்கழக நகரில் வாடகை நிலவரம் என்ன?

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எந்த வகுப்பு எந்தக் கட்டடத்தில் என்பதே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அதற்குள் பக்கத்து அறைத் தோழர் கேட்கிறார்: "அடுத்த வருஷத்துக்கு வீடு எடுத்தாச்சா?"

கேலி இல்லை. அமெரிக்காவின் மத்திய மேற்கு வட்டாரத்தில் இருக்கும் பல பல்கலைக்கழக நகரங்களில் இதுதான் வழக்கம். இண்டியானா மாநிலத்தின் வெஸ்ட் லாஃபயட் அவற்றில் ஒன்று. பர்டியூ பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்.

சிங்கப்பூரில் வாடகைக்கு அறை தேடுபவர் ஓரிரு மாதத்துக்கு முன்னால் தேடத் தொடங்கினால் போதும். அங்கே? பத்து மாதத்துக்கு முன்பே கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.

மேற்படிப்புக்கோ மாணவர் பரிமாற்றத் திட்டத்திலோ அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஊர், பெரிய கூட்டம்

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வெஸ்ட் லாஃபயட்டின் மக்கள்தொகை சுமார் 44,600. அதில் மாணவர்களும் அடக்கம்.

2022இல் பர்டியூவின் மாணவர் எண்ணிக்கை 50,000ஐத் தாண்டியது. ஊர் கொள்ளாத கூட்டம்! பலர் வபாஷ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள லாஃபயட் நகரில் தங்குகிறார்கள்.

கூட்டம் ஏன் கூடியது? முக்கியக் காரணங்களில் ஒன்று, பர்டியூ 2013 முதல் கல்விக் கட்டணத்தை உயர்த்தவே இல்லை. 2021இல் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்கள் சேர்ந்தனர்.

கல்விக் கட்டணம் அப்படியே நிற்கிறது. வாடகைக்கு அந்தச் சலுகை கிடையாது.

பல்கலைக்கழக விடுதிகளில் முதலாண்டு மாணவர்களுக்கே முன்னுரிமை. இரண்டாம் ஆண்டிலிருந்து பலரும் வெளியே வீடு தேடவேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே ஆகஸ்ட் மாதத்தில், வளாகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு வேண்டும். அதனால்தான் அவசரம்.

புதுக் கட்டடம் வந்தால் வாடகை குறையாதா?

வளாகத்தைச் சுற்றிப் புதிய அடுக்குமாடிகள் எழும்பியிருக்கின்றன. ஆனால் அவற்றில் பல உடற்பயிற்சிக் கூடம், அறைகலன் என எல்லா வசதிகளுடனும் வருபவை. இடம் கூடுகிறது, மலிவான இடம் கூடுவதாகச் சொல்லிவிட முடியாது.

போட்டிக்கு வேறு ஆட்களும் வரப்போகிறார்கள். தென்கொரியாவின் எஸ்கே ஹைனிக்ஸ் நிறுவனம் அங்கே சுமார் 3.87 பில்லியன் டாலர் செலவில் சில்லு ஆலை அமைக்கப்போவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. வேலைக்கு வருபவர்களுக்கும் வீடு வேண்டும் அல்லவா?

நகர மன்றம் வாடகைக்கு உச்சவரம்பு வைக்கலாமே என்று தோன்றலாம். முடியாது. நகரங்கள் அப்படி வரம்பு விதிக்க இண்டியானா மாநிலச் சட்டம் இடங்கொடுப்பதில்லை.

விளம்பரத்தில் இருப்பது முழு விலையா?

பெரும்பாலும் இல்லை. மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

*ஒருவருக்கா, முழு வீட்டுக்கா?* மாணவர் அடுக்குமாடிகளில் விலையைப் பெரும்பாலும் ஓர் ஆளுக்கு, அதாவது ஒரு படுக்கையறைக்கு என்று போடுவார்கள். பழைய வீடுகளில் முழு வீட்டுக்கும் சேர்த்துச் சொல்வார்கள். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

*எத்தனை மாதம்?* ஒப்பந்தம் வழக்கமாக ஆகஸ்ட்டிலிருந்து அடுத்த ஜூலை வரை. வகுப்போ ஏறக்குறைய 9 மாதம்தான். ஒரு பேச்சுக்கு மாதம் 900 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 12 தவணைக்கு 10,800 டாலர். கோடையில் ஊருக்குத் திரும்பிவிட்டால், தங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் உண்மையில் 1,200 டாலர் கொடுத்திருப்பீர்கள்.

*வேறு என்ன கட்டணம்?* மின்சாரம், தண்ணீர், இணையம், கார் நிறுத்துமிடம். எல்லாவற்றையும்விட, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு! வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும் ஊர் அது. பழைய வீட்டின் குறைந்த வாடகையில் மிச்சம் பிடித்ததை ஜனவரி மாதக் கட்டணம் விழுங்கிவிடக்கூடும்.

கையெழுத்துப் போடும் முன்...

• கூட்டுப் பொறுப்பா, தனிநபர் ஒப்பந்தமா? நான்கு நண்பர்கள் ஒரே ஒப்பந்தத்தில் கூட்டாகக் கையெழுத்திட்டு, ஒருவர் பாதியில் கிளம்பிவிட்டால், அவருடைய பங்கை மற்ற மூவரும் கட்டவேண்டி வரலாம். அக்டோபரில் நெருங்கிய நண்பர்கள் அடுத்த ஆகஸ்ட்டிலும் அப்படியே இருப்பார்களா? யோசியுங்கள்.

• உத்தரவாதம் தருபவர் வேண்டுமா? வெளிநாட்டு மாணவர்களுக்கு அமெரிக்காவில் கடன் வரலாறு இருக்காது. அதனால் அமெரிக்காவில் வசிக்கும் ஒருவரின் உத்தரவாதத்தையோ பல மாத வாடகையை முன்கூட்டியோ சில உரிமையாளர்கள் கேட்பதுண்டு. அப்பா அம்மாவிடம் இதை முன்னாடியே பேசிவிடுங்கள்.

• வைப்புத்தொகை திரும்ப வருமா? இண்டியானாவில் வீட்டைக் காலி செய்த 45 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் அல்லது எதற்காகப் பிடித்தம் என்று பட்டியல் தரவேண்டும். ஆனால் உங்கள் புதிய முகவரியை நீங்கள் எழுத்து மூலம் கொடுத்திருக்கவேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். குடிபுகும் நாளிலேயே சுவர், தரை, கழிவறை எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

• உள்வாடகைக்கு விடலாமா? பாதியில் ஊர் திரும்ப நேர்ந்தால் இது கைகொடுக்கும். பெரும்பாலும் உரிமையாளரின் அனுமதி தேவை.

ஒரு பருவம்தான் என்றால்?

பரிமாற்றத் திட்டத்தில் போகிறவர்கள் 12 மாத ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளவேண்டாம். ஊரைவிட்டுப் போகும் மாணவர்களின் அறையை உள்வாடகைக்கு எடுக்கலாம். குறிப்பாகக் கோடையில், காலியாகக் கிடப்பதற்குப் பதிலாகக் குறைந்த விலைக்கே கொடுக்க முன்வருபவர்கள் உண்டு. ஆனால் வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தத்தைப் படிக்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

"இன்னைக்கே போடலைன்னா வீடு போயிடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், ஒப்பந்தத்தின் நகல் ஒன்றைக் கேளுங்கள். பர்டியூவில் மாணவர்களுக்கென்றே சட்ட ஆலோசனைச் சேவை இருக்கிறது. முதலில் அங்கே காட்டுங்கள்.

ஒரு நாள் தாமதித்தால் ஒரு வீடு கைநழுவலாம். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் ஓராண்டு வாடகைக்கு நீங்கள்தான் பொறுப்பு.