ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி

விடியற்காலை கோயம்பேட்டில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிப் பழம் எடுக்கிறார் ஒரு வியாபாரி. பகல் முழுக்க விற்றுவிட்டு, இரவு 1,046 ரூபாய் 90 காசாகத் திருப்பிக் கொடுக்கிறார். சென்னைப் பழ வியாபாரிகள் கட்டிவந்த சராசரி வட்டி இது: நாளுக்கு 4.69 சதவீதம். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011-இல் எழுதிய ‘புவர் எகனாமிக்ஸ்’ நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஆயிரத்துக்கு 47 ரூபாய் என்றால் பெரிதாகத் தெரியாது. அதே வட்டியைக் கட்டாமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், ஒரு வருஷத்தில் அந்த ஆயிரம் ரூபாய் சுமார் 1,840 கோடி ஆகிவிடும். 1.0469-ஐ 365 தடவை பெருக்கிப் பார்த்தால் தெரியும்.

நிஜத்தில் யாரும் அப்படி விட்டுவைப்பதில்லை. அன்றன்று அடைத்துவிட்டு மறுநாள் மறுபடியும் வாங்குகிறார்கள். மயிலாப்பூர் மாட வீதியில் கூடையோடு உட்கார்ந்திருப்பவர், ரங்கநாதன் தெரு முனையில் வண்டி தள்ளுபவர், அடையாறு பஸ் ஸ்டாண்டு அருகில் பூ கட்டுபவர் என்று பலரும் தினமும் வசூலிக்கப்படும் தண்டல் பணத்தை நம்பித்தான் கடை விரிக்கிறார்கள். 2003-இல் தமிழக அரசு அதீத வட்டிக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்தது. சட்டம் வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் தண்டல்காரரின் டூவீலர் தெருத்தெருவாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த வியாபாரியின் ஒரு நாளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆயிரத்துக்கு எடுத்த சரக்கு 1,100-க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். வட்டி போக 53 ரூபாய் மிச்சம். அதில் 5 ரூபாயை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் மறுநாள் முதலீட்டில் சேர்த்தால் 995 கடன் போதும், வட்டியில் 23 காசு குறையும். அந்த 23 காசையும் முதலீட்டிலேயே போட வேண்டும். தினம் 5 ரூபாய் வீதம் ஆயிரம் சேர 200 நாளாகும் என்றுதான் மனக்கணக்கு சொல்லும். ஆனால் 52 நாளில் அவருக்குக் கடனே தேவைப்படாது. ஒரு வருஷத்தில் 1,840 கோடியாக வளர்கிற அதே பெருக்கல், இப்போது அவர் பக்கம் நின்று வேலை செய்கிறது. அதன் பிறகு அவர் வருமானம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பிறகு ஏன் யாரும் இதைச் செய்வதில்லை? ‘சிக்கனம் தெரியாது’ என்று சொல்லிவிடுவது சுலபம். பொருளியலாளர்கள் டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூவரும் அதைச் சோதித்தே பார்த்தார்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சிறு வியாபாரிகளின் வட்டிக்கடனை முழுசாகத் தாங்களே அடைத்தார்கள். 52 நாள் சேமிப்பின் பலன் ஒரே நாளில் கைக்கு வந்த மாதிரி. ஆனால் ஆறு வாரத்துக்குள் பெரும்பாலோர் மறுபடி கடனில் இருந்தார்கள். ஓரிரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, உதவி பெறாதவர்கள் எவ்வளவு கடன் வாங்கினார்களோ அதே அளவு இவர்களும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மழை நாள், பிள்ளைக்கு ஒரு காய்ச்சல், சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குச் செய்முறை. இவை வராத மாதம் எந்தக் குடும்பத்துக்கு உண்டு? நமக்கு அந்தச் செலவு சம்பளத்தில் ஒரு சிறு பகுதி. அந்த வியாபாரிக்கு அதுதான் முதலீடு. இந்த வித்தியாசம் எவ்வளவு ஆழமானது என்பதை ஒரு நாணயத்தைச் சுண்டியே பார்த்துவிடலாம்.

தலை விழுந்தால் உங்கள் கையிருப்பு 20 சதவீதம் கூடும், பூ விழுந்தால் 20 சதவீதம் குறையும். நியாயமான ஆட்டம்தானே? 1,000 ரூபாயோடு ஆரம்பிக்கிறீர்கள். ஒரு வெற்றி, 1,200. அடுத்து ஒரு தோல்வி, 960. முதலில் தோற்றுப் பிறகு ஜெயித்தாலும் 960-தான். பத்து வெற்றி, பத்துத் தோல்வி என்று சரிசமமாக வந்தால் கையில் நிற்பது 665 ரூபாய். இனி எதிரே ஒரு லட்சம் வைத்திருப்பவரை உட்கார வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம், உங்கள் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் சுற்றின் 200 ரூபாய் அவர் பணத்தில் 0.2 சதவீதம்தான். உங்களிடமிருந்து கழிந்த 335 ரூபாயும் அவர் கையில் இருக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, நாணயத்திலும் கோளாறு இல்லை. ஒருவர் தன் சொத்தில் பெரிய பங்கைப் பணயம் வைக்கிறார், இன்னொருவருக்கு அந்தத் தேவை இல்லை. அவ்வளவுதான்.

ஆயிரம் பேருக்குச் சமமாகப் பணம் கொடுத்து இந்த ஆட்டத்தைக் கணினியில் ஓடவிட்டால், முடிவில் ஏறக்குறைய எல்லாப் பணமும் ஒருவரிடம் போய்க் குவிகிறது. இயற்பியலாளர் அனிர்பன் சக்ரபர்த்தி 2002-இல் இதைக் காட்டினார். நிஜப் பொருளாதாரத்தில் உழைப்பு உண்டு, திறமை உண்டு, இரு தரப்புக்கும் லாபம் தரும் வியாபாரமும் உண்டு. அவை எதுவுமே இல்லாமல், தற்செயலும் விகிதமும் மட்டுமே இவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதுதான் என்னை உலுக்குகிறது.

நிஜத்தில் இந்தியப் பணக்காரர்களின் சொத்து எந்த வடிவில் பரவியிருக்கிறது என்ற ஆராய்ச்சி நம் சென்னைத் தரமணியிலேயே நடந்தது. கணித அறிவியல் நிறுவனத்தின் சிதாப்ர சின்ஹா, 2002 முதல் 2004 வரை வெளியான பெரும் பணக்காரர்களின் பட்டியல்களை எடுத்து ஆராய்ந்தார்.    சின்ஹா கண்ட விதி, இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் கண்ட அதே வகை. சொத்தின் அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே மேலே போனால், ஒவ்வொரு படியிலும் ஆட்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகத்தான் குறைகிறது. மனிதர்களின் உயரம் இப்படிப் பரவியிருந்தால் எல்.ஐ.சி. கட்டடத்தைவிட உயரமானவர்கள் மவுண்ட் ரோட்டில் நடந்துகொண்டிருப்பார்கள்.

2021 கணக்குப்படி உலகச் சொத்தில் 76 சதவீதம் மேல்தட்டில் உள்ள பத்து சதவீதத்தினரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி மக்களுக்கு இரண்டு சதவீதம். இந்தியாவில் ஒரு சதவீதத்தினரிடம் மட்டும் 40 சதவீதம் இருப்பதாக 2022-23-க்கான ஒரு மதிப்பீடு சொல்கிறது.

நாணய ஆட்டத்தில் ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் கதை மாறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோருடைய சொத்திலும் மிகச் சிறிய விகிதத்தை எடுத்துச் சமமாகப் பங்கிட்டால் போதும். ஏற்றத்தாழ்வு இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே கைக்குப் போய்ச் சேராது. இந்தியாவில் அந்த வேலையைச் செய்யக்கூடிய செல்வ வரி 1957-இல் வந்து 2015-இல் போனது. நம் செல்வ வரி ஒழுங்காக வசூலானதே இல்லை என்பது உண்மைதான். ஆனால் வசூலிக்கும் முறையைச் சரிசெய்வதை விட்டுவிட்டு வரியையே எடுத்தது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

கீழிருந்து வந்த முயற்சியும் மயிலாப்பூரில் உண்டு. 1978-இல் ஜெயா அருணாசலம் 800 குடிசைப்பகுதிப் பெண்களோடு உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். பீமசேன தோட்டத் தெருவில் அலுவலகம். ஒரே பகுதிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றார்கள். அரசு வங்கிகள் ஏழைகளுக்கென்று வைத்திருந்த கடனை அமைப்பு அவர்களுக்கு வாங்கித் தந்தது. அந்தக் கடனுக்கு வட்டி வருஷத்துக்கு 4 சதவீதம். தண்டலுக்கு ஒரே நாளில் ஆகும் வட்டியைவிடக் குறைவு! 1981-இல் அந்தப் பெண்கள் தங்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

வட்டி குறைந்தால் 52 நாள் கணக்கின் ஒரு பாதி தீர்கிறது. மழை நாளுக்கான பணம் என்ற மறுபாதிக்கு, வராமல் போகாத ஒரு வருமானம் வேண்டும். 2023 செப்டம்பரில் தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை தரத் தொடங்கியது. அந்தப் பழ வியாபாரி ஒரு நாளைக்கு வாங்கிய கடனும் அதே 1,000-தான். இன்றைய விலைவாசியில் அது ஒரு நாள் சரக்குக்குக்கூடப் போதாமல் இருக்கலாம். ஆனால் ஆய்வாளர்கள் கடனை அடைத்தது ஒரே ஒரு தடவை, இந்தப் பணமோ காய்ச்சல் வந்த மாதத்திலும் வருகிறது. ஆறு வாரத்தில் கடனுக்குத் திரும்பியவர்களிடம் இல்லாதிருந்தது அந்த இரண்டாவது மாதப் பணம்தான்.