வண்டி நிற்கும், தவணை நிற்காது

சென்ற ஐப்பசி மாதத்தில் எங்கள் பாண்டுப் கிளைக்கு நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது ஆண்டுகளாக மும்பையில் வேலை. தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள குடும்ப நிலத்தை அவருடைய தம்பி பார்த்துக்கொள்கிறார். தம்பி வாங்கிய டிராக்டர் கடனுக்கு இவர் பிணை நின்றிருந்தார்.

பிசான நடவுக்கு உழவு நடந்துகொண்டிருந்தபோது டிராக்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் வேகம் குறைந்துவிட்டது. இருபது ஆண்டுகளாக ஊர் வண்டிகளைப் பழுதுபார்த்து வரும் மெக்கானிக் வந்து பார்த்தார். பிழை எங்கே என்று காட்டும் மென்பொருள் அவரிடம் இல்லை. நிறுவனத்தின் பொறியாளர் ஒன்பதாம் நாள்தான் வந்தார். இடையில் மழை பிடித்துக்கொண்டது. “வண்டி நிற்கிறது சார், தவணை மட்டும் ஓடுகிறது” என்றார் வாடிக்கையாளர். நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும்; அறுவடையை ஒட்டி வைத்த அரையாண்டுத் தவணைக்கு அவகாசம் கிடைக்குமா என்பதே அவர் கேள்வி. முடிவு கடன் கொடுத்த கிளையினுடையது என்பதால், விவரத்தை அங்கே எழுதி அனுப்பினேன்.

இத்தகைய சிக்கல் நம் நாட்டில் ஓரளவு புதியது. நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவை 50 குதிரைத்திறனுக்கு உட்பட்டவை. ஸ்பேனரும் அனுபவமும் இருந்தால் சரிசெய்யக்கூடியவை. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றை நிறைவேற்ற, டீசல் செலுத்துவதை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. புகை குறைந்தது நல்லதே. ஆனால் அந்தப் பெட்டியுடன் பேசும் கருவி விற்பனையாளரிடம் மட்டும் இருந்தால், வண்டியின் உரிமையாளர் பெயரளவில்தான் உரிமையாளர்.

அமெரிக்க விவசாயிகள் இதே குறையைப் பல ஆண்டுகளாகக் கூறி வருகின்றனர். கொலராடோ மாநிலம் 2023இல் வேளாண் கருவிகளுக்கான பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அங்கே உற்பத்தியாளர்கள் உதிரிபாகம், கையேடு, மென்பொருள் ஆகியவற்றை உரிமையாளருக்கும் தனிப்பட்ட பட்டறைகளுக்கும் தர வேண்டும். 2025 ஜனவரியில் அந்நாட்டின் வணிக ஆணையம் இதே பொருளில் ஜான் டியர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அக்குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. மற்றவை கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள். அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமை இணையதளமும் தொடங்கப்பட்டது. தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. இதற்கு முன்பே, 2014 ஆகஸ்டில், உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்குத் தராத 14 கார் நிறுவனங்களுக்குப் போட்டி ஆணையம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன.

இன்று கையில் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கிய கருவியும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வரும். ஆகவே, தன் நிலத்தை உழ டிராக்டர் வாங்கிய விவசாயி நுகர்வோரே. வாடகைக்கு விடுவதையே பெருந்தொழிலாகச் செய்பவர் விஷயத்தில் எதிர்த்தரப்பு மறுப்புத் தெரிவிக்கக்கூடும். வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். செலுத்திய விலை 5 இலட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 10 இலட்சம் வரை 200 ரூபாய். 20 இலட்சம் வரை 400 ரூபாய். முதல் ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. வாகனக் காப்பீட்டை நம்பியிருக்க வேண்டாம். இயந்திரக் கோளாறும் மின் கோளாறும் வழக்கமான பாலிசியில் விலக்கப்பட்டவை.

ஆனால் உழவுக் காலத்தில் வழக்காடி உழ முடியாது. கேட்க வேண்டியதை விலைப்புள்ளி வாங்கும்போதே கேட்பது மேல். அருகிலுள்ள பணிமனை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது? புகார் செய்த எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? வெளி மெக்கானிக் கைவைத்தால் உத்தரவாதத்தின் எந்தப் பகுதி போகும்? பதிலை விற்பனையாளரின் கையெழுத்துடன் பெற்றுக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கும் நாங்கள் நிலப் பத்திரம் பார்க்கிறோம், பழைய கடன் வரலாறு பார்க்கிறோம். வண்டி நின்றால் யார் சரிசெய்வார் என்று கேட்கும் கட்டம் நான் கையாண்ட எந்தப் படிவத்திலும் இல்லை. எங்கள் ஈடும் அந்த வண்டிதான் என்பதால், இது எங்களுக்கும் உள்ள குறை.

வாடிக்கையாளரின் தம்பிக்குத் தவணையில் ஒரு மாத அவகாசம் கிடைத்தது. அந்த மாதத்துக்கான வட்டி உண்டு. உழாமல் கிடந்த இரண்டு ஏக்கரையும் பொறியாளர் வருவதற்கு முன்பே, பக்கத்து வயல்காரரின் பழைய டிராக்டரை வாடகைக்குப் பிடித்து உழுது முடித்திருந்தார்கள். அதை இத்தனை காலம் ஓடவைத்தவர் அதே ஊர் மெக்கானிக்.