மாரிக்குச் செய்த சாமான்

எண்பதுகளில் சவூதியில் தொழில் பார்த்து வந்த நம்மூர் மூத்தவர் ஒருவரிடம் 'தப்பாப்' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும். பலூன் போல் ஊதிய மூன்று டயர்கள், மோட்டார் சைக்கிள் ஹேண்டில், மணல் மேட்டில் ஏறி இறங்கும் அரபு வாலிபர்கள். மூன்று சக்கரம் என்றால் நமக்கு ஆட்டோதான் ஞாபகம் வரும். ஆட்டோ தெருவுக்கு. இது தெருவே இல்லாத இடத்துக்கு.

இந்த வண்டி ஒரு வியாபாரப் பிரச்சினையில் பிறந்தது. மாரி வந்தால் நம் நிலைமை என்ன? கடலும் இல்லை, இருந்த காசு வயலுக்குள் போய்விடும், கல்முனை பஸாரில் கடைக்காரர்கள் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அமெரிக்காவில் ஹொண்டா விற்றவர்களுக்கும் இதே கதைதான். பனி விழுந்தால் மோட்டார் சைக்கிள் வாங்க ஆள் வராது. 1967இல் அமெரிக்கக் கிளை ஜப்பானிடம், குளிர் காலத்திலும் விற்கக்கூடிய ஒரு சாமான் செய்து தாருங்கள் என்று கேட்டது. ஒசாமு தாக்கேயுச்சி என்ற பொறியியலாளர் ஆறு சக்கரம் வரை வைத்துப் பார்த்துவிட்டு, பனிக்கும் சேற்றுக்கும் சிறிய எஞ்சினுக்கும் மூன்றுதான் தோது என்று முடிவு செய்தார்.

1970இல் 'யூஎஸ் 90' என்ற பெயரில் 595 டொலருக்கு வந்தது. பிறகுதான் அதன் பெயர் 'ஏடீசீ 90' ஆனது. 89 சீசீ எஞ்சின். நம் பக்கத்தில் ஓடிய பழைய ஹொண்டா 90 எஞ்சினுக்கு அது சொந்தக்காரன் என்று சொல்லலாம். ஸ்பிரிங் கிடையாது, டயருக்குள் இருக்கும் கொஞ்சக் காற்றுதான் ஸ்பிரிங். 1971இல் ஜேம்ஸ் பொன்ட் படத்தில் ஓடிய பின் கேட்க வேண்டுமா? விளையாட்டுச் சாமானாகத் தொடங்கியது, முன்னும் பின்னும் சாமான் ஏற்றும் தட்டுகளுடன் 1982இல் 'பிக் ரெட்' என்று பண்ணைக்காரர்களிடமும் போனது. 1984இல் மட்டும் ஹொண்டா சுமார் 3 இலட்சத்து 70 ஆயிரம் வண்டிகளை விற்றது.

கோளாறு பின் அச்சில் இருந்தது. ஆட்டோவில் டிஃபரன்ஷியல் இருப்பதால் வளைவில் ஒரு பின்சக்கரம் மெதுவாகவும் மற்றது வேகமாகவும் சுற்றும். இதில் இரண்டு பின்சக்கரமும் ஒரே இரும்பில் பூட்டியவை. திருப்ப வேண்டுமானால் ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்து, உள்பக்கச் சக்கரத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் காலைக் கீழே ஊன்றினால் பின்டயர் காலிலேயே ஏறும். பழகியவனுக்கு இது நல்ல வண்டி. ஆனால் பழகாதவனுக்கும் விற்றார்கள், பிள்ளைகளுக்கென்று 70 சீசீயில் சிறியதும் செய்து விற்றார்கள். சில நூறு பேர் இறந்தார்கள். அவர்களில் 16 வயது நிறையாத பிள்ளைகள் பலர்.

1987 டிசம்பரில் அமெரிக்க அரசுக்கும் ஹொண்டா, யமஹா, சுசுகி, கவசாகி, பொலாரிஸ் ஆகிய ஐந்து கம்பனிகளுக்கும் இடையில் உடன்பாடு வந்தது. 1988இல் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. புதிய மூன்று சக்கரம் விற்பது நின்றது. முகவர்களின் கடையில் தேங்கியிருந்ததைக் கம்பனிகள் திரும்ப எடுத்தன. ஆனால் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருந்தவனுக்கு ஒரு சதமும் திரும்பவில்லை. எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. சரக்கின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். 2008இல் அங்கே சட்டமே போட்டு, புதியவை உள்ளே வருவதையும் தடுத்தார்கள்.

இத்தோடு வியாபாரம் முடிந்ததா? இல்லை. வீடுகளில் இருந்த வண்டிகள் அப்படியே இருந்தன. இன்று அவற்றைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. மட்கார்ட், டயர், காபரேட்டர் என்று புதிதாகச் செய்து விற்றுப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். வண்டி நின்றாலும் உதிரிப்பாகம் நிற்காது.

இதை நாமும் கண்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் படிப்படியாகத் திறக்கும் வரை பழைய வண்டிக்கு இருந்த மரியாதையைச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டிலில் கோழி அடைந்த லேண்ட்மாஸ்டரும் விலைக்குப் போனது.

அப்படி ஒன்று வாங்க வந்த சம்மாந்துறைத் தம்பி ஒருவர் என் கடையில் கிளச் கேபிள் கேட்டார். ஓட்டத் தெரியுமா தம்பி என்றேன். "ஆட்டோ ஓட்டுறன்தானே காக்கா" என்றார். லேண்ட்மாஸ்டரில் வலப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் வலப்பக்கம் திரும்பும். ட்ரெய்லரில் நெல் மூட்டையோடு பாலத்தால் இறங்கும்போது அதே கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் போகும், பாரம் பின்னால் இருந்து தள்ளுவதால். விற்றவர் இதைச் சொல்லவில்லையாம். கேபிளைப் பொதி செய்வதற்கு முன், கடைக்கு முன்னால் அவர் நிறுத்தியிருந்த வண்டியிலேயே இரண்டு கிளச்சையும் தொட்டுக் காட்டி, இறக்கத்தில் கியரைக் குறைத்து ஹேண்டிலைக் கையால் திருப்பு, கிளச்சைத் தொடாதே என்று சொல்லித்தான் அனுப்பினேன்.